பானைக்குள் வந்த விரால்

இடுப்புக்குக் கீழே கலங்கல் தண்ணீர். கையில் வாய் அகன்ற ஒரு மண்பானை. கழுத்தில், லீவில் இருக்கும்போதும் கழற்றத் தோன்றாமல் கிடக்கிற கண்டக்டர் விசில். கரை நெடுகக் கூடையும் வலையும் பழைய சேலையுமாகச் சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் நிற்கிறது. தண்ணீருக்குள் இறங்கியிருப்பவன் நான் ஒருத்தன்தான். இறங்கியிருக்கவே கூடாதவனும் நான்தான்.

எனக்கு முன்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தண்ணீரின் மேல் ஒரு தாம்பாள அகலத்துக்குச் சிவப்பு. யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. அந்தச் சிவப்பு அசைகிறது. அதற்குக் கீழே கருப்பாக ஒரு முதுகு தெரிந்து மறைகிறது.

வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த என் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றுவதா இல்லையா என்பது அந்தக் கருப்பு முதுகின் கையில் இருந்தது. முதுகுக்கு ஏது கை என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

போன வாரம் எங்கள் பஸ் ஓடைக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, கண்டக்டர் உத்தியோகத்தை விட்டால் உமக்கு வேறு விஷயமே கிடையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது. இந்த வாரம் மீன். ஆனால் இதிலும் விசில் வரும், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொசுவுக்கும் மன்னிப்பு

வருஷம் சரியாக நினைவில்லை. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஓடுகிற பஸ்ஸில் நான் கண்டக்டர். எனக்குச் சீட்டாட்டம் கிடையாது, சுருட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான், தூண்டில். கடைசி டிரிப்புக்கு முன்னால் வண்டி சற்று அதிக நேரம் நிற்கும் இடங்களில் எல்லாம் பக்கத்தில் குளம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். டிக்கெட் பைக்குள் ஒரு தூண்டில் முள் எப்போதும் நூல் சுற்றிக் கிடக்கும். சில்லறை தேடும்போது அது என் விரலையே பல தடவை பிடித்திருக்கிறது.

அப்படிப்பட்டவனுக்கு வந்தது சோதனை. என் மனைவி பொன்னழகு முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கம் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தால் புருஷன் உயிர்க்கொலை செய்யக் கூடாது. பாம்பை அடிக்கக் கூடாது, கோழியை அறுக்கக் கூடாது, மீனுக்குத் தூண்டில் போடக் கூடாது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அது ஆகாது.

இதையெல்லாம் நம்புகிறவனா நீ என்று என் டிரைவர் கேட்டார். நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் யார் துணிந்து சோதித்துப் பார்ப்பது? தூண்டில் முள்ளை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தேன். மாதக்கணக்கில் கொசுவைக்கூட அடிக்காமல் ஊதி ஊதித்தான் விரட்டினேன். பஸ்ஸில் ஒரு தடவை மூட்டைப்பூச்சியைப் பிடித்து ஜன்னல் வழியே கீழே விட்டதைப் பார்த்த டிரைவர், அதற்கும் டிக்கெட் கிழித்தாயா என்று கேட்டார். ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்தார் மனுஷன்.

வளைகாப்பு முடிந்து பொன்னழகை அவள் ஆத்தா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். இலுப்பூருக்கும் ஆவூருக்கும் இடையில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே என் மாமியார் இருந்தார். என் மனைவியின் அண்ணன் முத்துக்கருப்பன், எனக்கு மச்சான், விவசாயம் பார்த்தார். ஊருக்கு மேற்கே பெரிய கண்மாய், அதன் கரையில் நின்றால் ஊர்க்கோடியில் குடிதண்ணீர் ஊருணி தெரியும்.

சித்திரையில் எதிர்பாராமல் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தது. அந்த மழைக்குப் பிறகு கொஞ்ச நாளில் எனக்கு மகன் பிறந்தான். அதே மழையில்தான் கண்மாயில் விரால்களும் முட்டை விட்டிருக்க வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியாது.

சங்கில் புகட்டிய பால்

பிள்ளை பிறந்த சந்தோஷம் நீடிக்கவில்லை. பொன்னழகுக்குக் காய்ச்சல் கண்டது. இலுப்பூர் டாக்டர் வந்து ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தாள். பால் சுரக்கவில்லை.

ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்கள். பையன் குடித்ததை அப்படியே கக்கினான். அழுகை முதலில் ஓங்கிக் கேட்டது, பிறகு முனகலாக மாறியது. கால் இரண்டும் சூம்பிக்கொண்டு வந்தன. லீவு போட்டுவிட்டு நான் அந்த வீட்டு வாசலிலேயே கிடந்தேன். பயந்துபோயிருந்தேன். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி சவரியம்மாள் ஆவூரிலிருந்து மறுபடி வந்து பார்த்தார். கழுத்தில் ஜெபமாலையும் இடுப்பில் வெற்றிலைப் பையுமாக வெயிலில் நடந்தே வந்திருந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார், தாயின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"தம்பி, காய்ச்ச விட்டுருச்சு. ஒடம்புல சத்து இல்ல, அதான் பால் எறங்கல. நல்ல விராலாப் பாத்து, பூண்டு நெறயாப் போட்டுக் கொழம்பு வச்சுக் குடுங்க. ஆட்டுப்பால நம்பி இந்தப் புள்ளய வச்சிருக்க முடியாது."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இலுப்பூர்ச் சந்தைக்கு ஓடினேன். கருவாடு இருந்தது. கடலிலிருந்து வந்த மீன் ஐஸில் கண் வெளுத்துக் கிடந்தது. விரால் இல்லை. சுற்றிலும் எந்தக் கண்மாயும் இன்னும் அழியவில்லை, எங்கிருந்து விரால் வரும் என்று மீன்காரம்மாள் கேட்டார்.

கண்மாய் அழிவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது ஊர் கூடி ஒரு நாள் குறித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கி மீன் பிடிப்பதுதான் அது. அந்த நாள் குறித்துவிட்டால் அதற்கு முன் கண்மாயில் ஒருவரும் தூண்டில் போடக் கூடாது. எங்கள் மாமியார் ஊரிலும் நாள் குறித்தாகிவிட்டது.

மச்சானோடு அம்பலகாரர் வீட்டுக்குப் போனேன். அவர்தான் அந்த ஊர்க் கட்டுப்பாட்டுக்கெல்லாம் பெரியவர். நல்ல உயரம், வெண்கலக் குரல். விஷயத்தைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்றால் ஊர் தடுக்காது, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, ஒன்றே ஒன்று என்றார்.

தண்ணீரில் தூறல்

மறுநாள் விடிந்ததும் மச்சானின் மூங்கில் கழியும் ஒரு சிரட்டை நிறையத் தவளைகளுமாகக் கண்மாய்க்குப் போனேன். பிள்ளை பிறந்துவிட்டதால் தடை நீங்கிவிட்டதா, அல்லது இன்னும் இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டு, நீங்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மடைக்குப் பக்கம் போட்டுப் பார்த்தேன். ஆம்பல் இலைகளுக்கு நடுவில் போட்டுப் பார்த்தேன். தவளை தண்ணீரில் தாவித் தாவிக் களைத்ததுதான் மிச்சம். வெயில் ஏறியது. முட்டை விட்டு முடிந்த விரால் இரைக்காக அலையாது. சேற்றில் கிடக்கும், இல்லையென்றால் குஞ்சோடு கிடக்கும்.

அப்போதுதான் கோரைக்கு ஓரமாக அதைப் பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீரில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. புள்ளி புள்ளியாக வட்டம், வட்டத்துக்குள் வட்டம். கிட்டே போய்க் குனிந்தபோது தெரிந்தது, தூறல் மேலிருந்து விழவில்லை. கீழிருந்து வருகிறது.

நூற்றுக்கணக்கான குஞ்சுகள். ஒவ்வொன்றும் அரிசி நீளம், ரத்தச் சிவப்பு. விரால் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய சாதி. குஞ்சும் அப்படித்தான். அத்தனை குஞ்சும் மேலே வந்து ஆளுக்கு ஒரு துளி காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகின்றன. ஒன்று போக ஒன்று வர, தண்ணீர் கொதிப்பது போலவே இருந்தது. நான் தவளையையும் மறந்தேன், வந்த வேலையையும் மறந்தேன்.

கோரைக்குள்ளிருந்து ஒரு கொக்கு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அந்தச் சிவப்பை நோக்கி வந்தது. கழுத்தை நீட்டியது. அவ்வளவுதான், தண்ணீர் வெடித்தது. கருப்பாக ஒரு உடம்பு பாதி வெளியே வந்து கொக்கின் காலில் மோதியது. கொக்கு கத்திக்கொண்டு ஒற்றைக் காலைத் தொங்கவிட்டபடி பறந்து போனது. அந்த இடத்திலேயே இன்னொரு முதுகும் தெரிந்தது. ஆணும் பெண்ணுமாக இரண்டும் காவலுக்கு நிற்கின்றன. எத்தனையோ விரால் பிடித்திருக்கிறேன். இத்தனை கிட்டத்தில் நின்று இதைப் பார்த்ததில்லை.

குஞ்சு வைத்திருக்கிற விராலைப் பிடிப்பது போலச் சுலபமான வேலை கிடையாது என்பது தூண்டில் போடுகிற எல்லாருக்கும் தெரியும். பசியில்லாவிட்டாலும் அது கடிக்கும். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். அதனாலேயே குஞ்சின் மேல் தூண்டில் போடுகிறவனை யாரும் மதிப்பதில்லை. நானும் மதித்ததில்லை.

வீட்டில் கிடந்த முனகலை நினைத்தேன். தவளையைச் சிவப்பின் நடுவில் இறக்கினேன்.

கழி கையைவிட்டுப் போகப் பார்த்தது. இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது மீன். அதைத் தூக்கப் போகும்போதுதான் பார்த்தேன். அந்தச் சிவப்பும் கூடவே வந்துவிட்டது. நான் இழுத்த பக்கமெல்லாம் குஞ்சுகள் அதைத் தொடர்ந்து வந்து, என் கணுக்காலைச் சுற்றி நின்றன. மீனைத் தண்ணீரைவிட்டு எடுத்த பிறகும் போகவில்லை. என் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தன. பெரிய மீன் இருந்த இடத்தில் இப்போது என் கால்தான் இருந்தது.

நான் அசையாமல் நின்றேன். மிச்சமிருந்த ஒற்றை விரால் எங்கிருந்தோ வந்து என் காலை ஒரு சுற்றுச் சுற்றியது. குஞ்சுகள் அதன் பின்னால் திரும்பிப் போயின. அது என்னைக் கடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தொண்டையில் இறங்கணும்

மாமியார் மீனை அறுத்து மண்சட்டியில் குழம்பு வைத்தார். பூண்டு வாசனை தெருவரைக்கும் வந்தது. தட்டில் சோற்றைப் பிசைந்து பொன்னழகின் கையில் கொடுத்தார். அவள் அந்தக் கண்மாயில் குளித்து வளர்ந்தவள். எந்த மாதத்தில் மீன் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குஞ்சு இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சோடி இருக்கா?"

இருக்கிறது, அதுதான் இப்போது காவல் என்றேன். மடியில் பையன் முனகிக்கொண்டிருந்தான். கண்மாய் அழிந்தால் அது என்ன ஆகும் என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான கால் இறங்கிச் சேறாக மிதித்தால் அரிசி அளவு குஞ்சு எங்கே தப்பும்?

"அதையும் குஞ்சையும் ஊருணியில கொண்டுபோயி விட்டுருங்க. செய்யிறேன்னு சொல்லுங்க. அப்பத்தான் இது எனக்குத் தொண்டையில எறங்கும்."

பாதி உயிராகக் கிடக்கிறவளோடு என்ன வழக்காடுவது? செய்கிறேன் என்றேன். எப்படிச் செய்வேன் என்று கொஞ்சமும் தெரியாது. அவள் சாப்பிட்டாள். முள்ளைக்கூட உறிஞ்சிவிட்டு வைத்தாள்.

அன்றும் மறுநாளும் அந்தக் குழம்புதான். மறுநாள் மத்தியானம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். முனகல் நின்றிருந்தது. என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தேன். அப்போது கேட்டது, மடக் மடக்கென்று ஒரு சத்தம். என் மகன் பால் விழுங்குகிறான். சுவரில் தலையை வைத்துக்கொண்டு நான் அழுதேன். உள்ளேயிருந்து மாமியார், சத்தம் போடாதீர்கள் மாப்பிள்ளை, பிள்ளை குடிக்கிறான் என்றார்.

மீன் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி என் வேலை.

மாப்பிள்ளையை அதட்ட முடியாது

மறுபடி அம்பலகாரரிடம் போனேன். இந்தத் தடவை அவர் முகம் மாறியது. ஒன்று கேட்டீர்கள், கொடுத்தாயிற்று. இப்போது பானையோடு இறங்கப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? முன்கூட்டியே இறங்கி மாப்பிள்ளை மீன் அள்ளிவிட்டார் என்று நாலு பேர் பேசுவார்கள். அது மட்டுமில்லை, துண்டு வீசுகிறதுக்கு முன்னால் கண்மாயில் கால் பட்டால் மழைக்கு ஆகாது. அவர் நிஜமாகவே அதை நம்பினார். முந்தின வருஷம் மழை பொய்த்ததில் அவருடைய காடும் காய்ந்துதான் கிடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

துண்டு வீசுவது இப்படி. குறித்த நாளில் சுற்று ஊர்ச் சனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். சாமி கும்பிட்டு முடித்ததும் அம்பலகாரர் மடையின் மேல் ஏறி நின்று தோளில் கிடக்கிற வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசுவார். அதற்கு அப்புறம் கடவுளே வந்தாலும் கூட்டத்தை நிறுத்த முடியாது. பிடிக்கிற மீனை யாரும் விற்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் மீன் குழம்பு கிடைக்கும்.

அந்த நாளும் வந்தது. நான் மாமியாரின் பானையை எடுத்துக்கொண்டு கோரைப் பக்கமாகப் போய் நின்றேன். துண்டு வீசியதும் முதல் ஆளாகப் பாய்ந்துவிடலாம் என்பது என் திட்டம். என் பஸ்ஸில் வருகிற முகங்கள் பல அங்கே இருந்தன. கண்டக்டர் பானையில் மீன் பிடிக்கப் போகிறார், உள்ளே இடம் இருக்கா என்று கிண்டல் செய்தார்கள்.

திட்டம் தண்ணீரைப் பார்த்ததும் போய்விட்டது. சிவப்புத் திட்டு கோரைக்குள் இல்லை. கூட்டம் நெருக்கியடித்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, கரையை ஒட்டி வந்து மேய்ந்துகொண்டிருந்தது. துண்டு வீசினால் முதல் மிதி அதன் மேல்தான். எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இறங்கிவிட்டேன்.

கரையில் சலசலப்பு. மடையின் மேல் அம்பலகாரர் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த வெண்கலக் குரல் எலும்பை நொறுக்கியிருக்கும். ஆனால் நான் ஊர் மாப்பிள்ளை. அதுவும் பிள்ளை பிறந்து வந்திருக்கிற மாப்பிள்ளை. ஆயிரம் பேருக்கு முன்னால் மாப்பிள்ளையை அதட்டிக் கூப்பிடுவது அந்த ஊரில் மரியாதை இல்லை. பேர் சொல்லவும் முடியாது, வாடா என்று சொல்லவும் முடியாது.

அதனால் அவர் மரியாதையாகச் சைகை காட்டினார். கரையேறுங்கள் மாப்பிள்ளை என்று, தோளில் கிடந்ததை எடுத்து, என்னைப் பார்த்து வீசினார்.

வீசின பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், கையில் இருப்பது துண்டு என்று.

ஒத்தை விசில்

ஓவென்று ஒரு சத்தம். கரை அப்படியே பெயர்ந்து தண்ணீருக்குள் வந்தது. அம்பலகாரர் இரண்டு கையையும் ஆட்டி இல்லை இல்லை என்று காட்டினார். துண்டு இன்னும் கையில் இருந்ததால், அதுவும் வீசுகிற மாதிரியே இருந்தது.

எனக்கு முன்னால் சிவப்பு. பக்கவாட்டில் கூடைகளோடு ஓடி வருகிற கால்கள். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை வாயில் வைத்து ஒத்தை விசில் ஒன்று, நீளமாக, மூச்சுள்ள வரைக்கும் ஊதினேன்.

ஒத்தை விசிலுக்கு வண்டி நிற்கும், ரெட்டை விசிலுக்குப் புறப்படும். என் பக்கமாக வந்தவர்கள் எல்லாரும் பஸ்ஸில் என் விசில் கேட்டுப் பழகியவர்கள். தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். கூடையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தவர் அப்படியே பிடித்தபடி நின்றார். கண்மாயின் மற்ற மூலையெல்லாம் களேபரம். எங்கள் மூலை மட்டும் ஸ்டாப்பிங்கில் நின்றது.

பானையைச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். சிவப்பின் ஒரு ஓரம் பானைக்குள் வழிந்தது. இன்னொரு ஓரமும் வந்தது. குஞ்சுகளை அள்ளிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. பெரிய மீனைப் பற்றித்தான் வழி தெரியாமல் இருந்தேன். விராலை வெறுங்கையால் பிடிப்பது யாராலும் ஆகிற காரியமா? வழுக்கும், துள்ளும், சேற்றைத் துளைத்துக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீரில் இத்தனை கால்களுக்கு நடுவில் அது இந்நேரம் எங்கே ஓடியிருக்கிறதோ என்று நினைத்தேன்.

அது ஓடவில்லை. என் முழங்காலில் உரசிக்கொண்டு வந்தது. பானையின் வாய்க்கு எதிரே ஒரு கணம் நின்றது. உள்ளே குஞ்சுகள் காற்றுக் குடிக்கிற தூறல். வெளியே அது. பிறகு, யாரும் பிடிக்காமல், யாரும் தள்ளாமல், அந்தக் கருத்த தலையை உள்ளே நீட்டி மெல்ல மெல்லப் பானைக்குள் போய்விட்டது. வாலைக்கூட மடித்துக்கொண்டது. குஞ்சுகள் அதன் தலையைச் சுற்றி மொய்த்தன.

கொக்கின் காலை ஒடிக்கப் பார்த்த மீன் அது. சேற்றைத் துளைத்துக்கொண்டு தப்பியிருக்கலாம். சட்டிக்குள் போகிறோம் என்று தெரிந்தும் போன மாதிரிதான் எனக்குப் பட்டது. மீனுக்கு அப்படியெல்லாம் தெரியுமா என்று படித்தவர்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. அந்தப் பானையைத் தூக்கியபோது கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் பார்த்துவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கூடைக்காரர் மட்டும், போகலாமா கண்டக்டரே என்று மெதுவாகக் கேட்டார்.

ரெட்டை விசில் கொடுத்தேன்.

ஊருணியில் இறங்கியவர்கள்

பானையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறினேன். மடைக்குப் பக்கத்தில் அம்பலகாரர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். கோபத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில் இருந்தார். நான் பானையை இறக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கொண்டு போங்க மாப்பிள்ளே. தண்ணி சிந்தாமப் போங்க."

ஊருணிப் படியில் பானையைச் சாய்த்தேன். குஞ்சுகள் முதலில் போயின. சிவப்பாக ஒரு கோடு தெளிந்த தண்ணீரில் நீண்டது. பெரிய மீன் நகரவில்லை. கடைசிக் குஞ்சு வெளியேறும் வரை பானையின் அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரே வீச்சில் போய் அவற்றின் கீழே நின்றுகொண்டது. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று எல்லார் வீட்டிலும் மீன். என் கையில் காலிப் பானை. சாயங்காலம் அம்பலகாரர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறையக் கெண்டைக் குழம்பு வந்தது. ஊர் மாப்பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாதாம். மழையும் அந்த வருஷம் பெய்தது, கொஞ்சம் தாமதமாக. தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று மச்சான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூண்டிலை நான் விட்டுவிடவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை. ஆனால் தூறல் விழுகிற தண்ணீர்ப் பக்கம் போனால் நூலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்தபோது பொன்னழகு பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். விசிலைச் சொன்னபோது சிரித்தாள். அந்த மீன் தானாகப் பானைக்குள் வந்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பையனின் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அது ஆத்தாளா, அப்பனா?"

தெரியவில்லை என்றேன். விராலில் ஆணையும் பெண்ணையும் வெளியே பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் காவல் நின்றன.

பையன் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பனா இருக்கட்டுங்க. நம்ம வீட்டுக்கு வந்தது ஆத்தாளா இருக்கட்டும்" என்றாள். "பாலு குடுத்தது அவதானே."